கூசும் கண்ணும் நோகும் செவியும்: ஓட்டிசமுள்ள வளர்ந்தோரின் புலனுணர்வை அளப்பது எவ்வாறு?

ஒஸ்லோ நகரின் புறத்தே அமைந்த ஒரு மண்டபம். பூப்புனித நீராட்டு விழா களைகட்டியிருக்கின்றது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்குகின்றது. ஒளிப்பதிவாளரின் விளக்கு மேடையைப் பகலாக்குகின்றது. சந்தனமும் பன்னீரும் வாசனைத் தைலமும் சமையற்கட்டின் தாளிதமும் ஒன்றோடொன்று கலந்து மண்டபத்தை நிறைக்கின்றன. வெளியே பனி பொழிகின்றது. வாசலுக்கு அப்பால், குளிரங்கிகூட இல்லாமல், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் தனியே நிற்கின்றார்.

"ஏன் தம்பி குளிருக்கை நிக்கிறாய்? உள்ளுக்கை வாவன்" என்று பெரியப்பா முறையான ஒருவர் அன்போடு அழைத்துப் பார்க்கின்றார். இளைஞர் தலையை மட்டும் அசைத்துவிட்டு நிலத்தைப் பார்க்கின்றார். உள்ளே திரும்பிய பெரியவர், "படிச்ச திமிர், சனத்தோடை சேரமாட்டான்" என்று தீர்ப்பு வழங்கிவிடுகின்றார்.

இத்தகைய காட்சியை எமது புலம்பெயர் வாழ்வில் காணாதவர் குறைவு. அந்த இளைஞர் உண்மையிலேயே திமிர் பிடித்தவரா? கூச்ச சுபாவம் உடையவரா? அல்லது எமக்குச் சாதாரணமாகத் தோன்றும் அந்த ஒலியும் ஒளியும் மணமும் அவருடைய உடலுக்குத் தாங்கமுடியாத வேதனையாக இருக்கின்றனவா? காய்ச்சலை வெப்பமானியால் அளப்பதுபோல இந்த வேதனையை அளக்க முடியுமானால், அப்பெரியவரின் தீர்ப்பு மாறக்கூடும் அல்லவா? ஓட்டிசம் எனப்படும் நிலையோடு வாழும் வளர்ந்தோரின் புலனுணர்வை அளப்பதற்கு விஞ்ஞானம் எடுத்துள்ள முயற்சிகளையும், அம்முயற்சிகள் எம்மவருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் இங்கு நோக்குவோம்.

எழுபது ஆண்டுகள் காத்திருந்த அவதானிப்பு

தமிழ்நாட்டில் மதியிறுக்கம் என்றும் எம்மவரிடையே ஓட்டிசம் என்றும் வழங்கும் இந்நிலையை, அமெரிக்காவில் பணியாற்றிய வைத்தியர் லியோ கானர் 1943 ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளை முன்வைத்து விரிவாக விவரித்தார். மறு ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் அஸ்பெர்கரும் இதனையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். தூசு உறிஞ்சும் இயந்திரம், மின்தூக்கி, முட்டை அடிக்கும் கருவி போன்றவற்றின் ஓசையும் அசைவும் சில பிள்ளைகளைப் பெரும் பீதிக்குள்ளாக்கியதைக் கானர் அன்றே குறித்து வைத்தார். ஆயினும் பல தசாப்தங்களாக வைத்தியர்களின் கவனம் பேச்சிலும் பழக்கவழக்கத்திலுமே தங்கியிருந்தது. புலனுணர்வு ஒரு பக்கக் குறிப்பாகவே கிடந்தது.

இந்நிலையை மாற்றியதில் ஓட்டிசமுள்ளோரின் சொந்த எழுத்துக்களுக்குப் பெரும் பங்குண்டு. 1947 இல் பிறந்த அமெரிக்கரான டெம்பிள் கிராண்டின், 1986 இல் வெளிவந்த தமது நூலின் வாயிலாகத் தம் புலன்களின் அவதியை உலகறியச் செய்தார். மனிதரின் அணைப்பைத் தாங்கவியலாத அவர், தாமே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் அணைப்பு இயந்திரத்தை வடிவமைத்துக் கொண்டமை பலரும் அறிந்த செய்தி. இறுதியில் 2013 ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் ஐந்தாவது கையேடு, புலன் தூண்டல்களுக்கு அளவுக்கு மிஞ்சியோ அளவுக்குக் குறைந்தோ எதிர்வினையாற்றுவதை ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கானரின் அவதானிப்பு உரிய இடத்தைப் பெற எழுபது ஆண்டுகள் சென்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2021 ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசமுள்ளவராக இருந்தார். அவர்களுள் பெரும்பாலோர் பிள்ளைகள் அல்லர். வளர்ந்து, வேலைக்குச் சென்று, தமக்கு என்ன நேர்கின்றது என்று அறியாமலே வாழ்வோரும் அத்தொகையில் அடங்குவர்.

ஐம்புலனா, ஏழு புலனா?

உயிர்களைப் புலன்களால் வகைப்படுத்தும் மரபு எமக்குப் புதிதன்று. தொடுகையில் தொடங்கி, சுவை, மணம், காட்சி, ஒலி என வளர்ந்து மனத்தில் முடியும் ஆறறிவுப் பாகுபாட்டைத் தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துள்ளது. இன்றைய ஆய்வாளர்கள் ஐம்புலன்களோடு மேலும் இரண்டைச் சேர்த்து எண்ணுகின்றனர். ஒன்று, உட்செவியில் அமைந்த சமநிலை உணர்வு. மற்றையது, கண்ணை மூடியிருந்தாலும் எமது கை எங்கே, கால் எங்கே என்று தசைகளும் மூட்டுக்களும் அறிவிக்கும் உடல்நிலை உணர்வு.

இந்த ஏழையும் அடிப்படையாகக் கொண்டு, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஷ்லி ரொபேர்ட்சன், டேவிட் சிமன்ஸ் ஆகிய இருவரும் வளர்ந்தோருக்கான வினாக்கொத்து ஒன்றை ஆக்கி 2013 இல் வெளியிட்டனர். அதில் 42 வினாக்கள் உள்ளன. ஒவ்வொரு புலனுக்கும் ஆறு. அவற்றுள் மூன்று மிகையுணர்வு பற்றியவை, மூன்று குறையுணர்வு பற்றியவை. 'ஒருபோதும் இல்லை' என்பதற்குப் பூச்சியமும் 'எப்போதும்' என்பதற்கு நான்கும் வழங்கப்படும். ஆகக்கூடிய புள்ளி 168.

இதற்கு முன்னரே, 2002 இல், அமெரிக்காவில் பிரவுண், டன் ஆகியோர் இளையோருக்கும் வளர்ந்தோருக்குமான புலன்விபரக் கொத்தொன்றை வெளியிட்டிருந்தனர். அதில் 60 வினாக்கள், நான்கு பிரிவுகள். தூண்டலைக் கவனியாதிருத்தல், தூண்டலைத் தேடிச் செல்லல், எளிதில் தாக்குறுதல், தூண்டலைத் தவிர்த்தல் என்பன அவை. 2009 இல் பிரித்தானியாவில் நடைபெற்ற சிறியதோர் ஆய்வில், ஓட்டிசமுள்ள வளர்ந்தோர் 18 பேரிடம் இக்கொத்து கொடுக்கப்பட்டது. அவர்களுள் 17 பேரின் புள்ளிகள் ஏதாவது ஒரு பிரிவிலேனும் வழமைக்குப் புறம்பான எல்லையைத் தொட்டிருந்தன. ஆனால் எல்லோரும் ஒரே பிரிவில் உயர்ந்திருக்கவில்லை. ஒருவருக்கு வேதனை தருவது இன்னொருவருக்கு எட்டுவதேயில்லை. ஒருவர் ஓடி ஒளியும் ஒலியை இன்னொருவர் தேடிச் செல்கின்றார். எமது அயல்நாடான சுவீடனின் ஆய்வாளர்களும் வளர்ந்தோருக்கென்றே தனியான அளவீடொன்றை அமைத்து 2016 இல் வெளியிட்டனர்.

கூட்டுத்தொகை மறைக்கும் துன்பம்

இங்கே வாசகர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மண்டப வாசலில் நின்ற இளைஞருக்குச் செவி ஒன்றுதான் பகை என்று வைத்துக்கொள்வோம். கிளாஸ்கோ வினாக்கொத்தில் செவியின் மிகையுணர்வு பற்றிய மூன்று வினாக்களுக்கும் அவர் 'எப்போதும்' என்று விடையளிக்கின்றார். மூன்று தரம் நான்கு, பன்னிரண்டு. ஏனைய வினாக்கள் அனைத்துக்கும் 'இல்லை' என்கின்றார். 168 இல் 12 என்பது மிகச் சிறிய தொகை. அத்தொகையை மட்டும் பார்ப்பவர் இவருக்குக் குறையேதும் இல்லை என்று கூறிவிடக்கூடும். ஆனால் அந்தப் பன்னிரண்டு புள்ளிகளே அவருடைய வேலையையும் உறவுகளையும் பறித்துக் கொண்டிருக்கலாம்.

ஆகவேதான், தேர்ந்த வைத்தியர்கள் கூட்டுத்தொகையோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு புலனையும் தனித்தனியே பிரித்துப் பார்த்து, 'இதனால் உமது நாளாந்த வாழ்வில் எது தடைப்படுகின்றது?' என்று நேரிற் கேட்கின்றனர். தம் உடலின் உணர்வைச் சொல்லில் வடிக்க இடர்ப்படுவோர் ஓட்டிசமுள்ளோரிடையே கணிசமாக உள்ளனர் என்பதும், சிறுவயதிலிருந்தே இந்த வேதனையோடு வாழ்ந்தவர் அதனை எல்லோருக்கும் பொதுவானது என்றே எண்ணியிருக்கக்கூடும் என்பதும் இங்கு மறக்கத்தக்கவை அல்ல.

கருவிகள் கூறுவது என்ன?

அவ்வாறாயின், மனிதரிடம் கேட்பதை விட்டுக் கருவியால் அளந்தால் என்ன? இக்கேள்வி பழையது. ஜேர்மனியரான குஸ்தாவ் பெக்னர் 1860 இல் வெளியிட்ட நூல், புலனுணர்வை எண்ணால் அளக்கும் துறைக்கு அடிகோலியது. மட்டுமட்டாக உணரக்கூடிய மிகக் குறைந்த தூண்டல் எது என்று கண்டறிவதே அதன் அடிப்படை. இன்று செவிப் பரிசோதனைக்குச் செல்வோர், மெல்லிய ஒலி கேட்டவுடன் பொத்தானை அழுத்துவது இம்முறையின் வழிவந்ததே. தொடுகைக்கு வெவ்வேறு தடிப்புடைய நைலோன் இழைகளும் அதிர்வுக் கருவிகளும் பயன்படுகின்றன.

ஆனால் இக்கருவிகள் அளித்த விடை எதிர்பார்த்ததுபோல் நேரானதாக அமையவில்லை. 2006 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், அஸ்பெர்கர் நிலையுடைய வளர்ந்தோர் செக்கனுக்கு 200 தடவை அதிரும் தூண்டலை ஏனையோரிலும் நுண்மையாக உணர்ந்தனர். ஆனால் 30 தடவை அதிரும் தூண்டலில் வேறுபாடு காணப்படவில்லை. 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மென்மையான தொடுகையை ஓட்டிசமுள்ளோரும் ஏனையோரும் ஒரே அளவிலேயே உணர்ந்தனர். ஆனால் முன்னங்கையில் அதிர்வையும், சூட்டாலும் குளிராலும் எழும் நோவையும் ஓட்டிசமுள்ளோர் கூடுதலாக உணர்ந்தனர். செவியிலும் இவ்வாறே. பலரது செவிப் பரிசோதனை முடிவு வழமையானதாகவே இருக்கின்றது. ஒலியைக் கண்டுபிடிக்கும் திறன் வேறு, ஒலியைத் தாங்கும் திறன் வேறு. முன்னதை அளக்கும் கருவி பின்னதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது. "காது நல்லாயிருக்கு, ஒரு பிழையுமில்லை" என்ற வார்த்தையோடு வீடு திரும்பியவர்கள் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கருவியும் பிழைவிடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2009 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிலர், ஓட்டிசமுள்ளோரின் பார்வைக்கூர்மை இரைதேடும் பறவைகளின் பார்வையை நெருங்குகின்றது என்று அறிவித்தனர். 'கழுகுக் கண்' என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் பரிசோதனைத் திரை மிக அருகில் வைக்கப்பட்டிருந்ததால், அத்தகைய நுண்ணிய உருவங்களைக் காட்டும் ஆற்றலே அத்திரைக்கு இருந்திருக்க முடியாது என்று பார்வை ஆய்வாளர்களான பாக், டேக்கின் ஆகியோர் சுட்டிக்காட்டினர். முதல் ஆய்வை நடத்திய குழுவைச் சேர்ந்தோரும் குறைகண்ட இவ்விருவரும் ஒன்றுசேர்ந்து மீண்டும் அளந்து 2011 இல் வெளியிட்ட முடிவில், இரு சாராருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. தமது பிழையைத் தாமே திருத்திக்கொண்ட அந்நேர்மை பாராட்டுக்குரியது.

ஷெல் ஒலி கேட்ட செவி

இனி, எம்மவருக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். 'எதிர்பாராத ஒலி கேட்டால் திடுக்கிடுவீரா?' என்று ஒரு வினா வருகின்றது. 1987 இல் வடமராட்சியில் இருந்தவர், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இரவோடிரவாக நடந்தவர், 2009 இல் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழியில் கிடந்தவர் என்ன விடையளிப்பார்? புதுவருடப் பிறப்பன்று ஒஸ்லோ வானில் வாணவேடிக்கை வெடிக்கையில் மேசைக்குக் கீழே குனியும் கரங்கள் எமது வீடுகளில் இன்றும் உண்டு. அவரும் 'எப்போதும்' என்றே எழுதுவார். புள்ளி ஒன்றே, காரணம் வேறு.

இரண்டையும் பிரித்தறிய வைத்தியர்கள் பொதுவாக மூன்று விடயங்களை நோக்குகின்றனர். முதலாவது, எப்போது தொடங்கியது? ஓட்டிசத்தோடு சேர்ந்த புலன்வேதனை மழலைப் பருவத்திலேயே தலைகாட்டும். போரின் வடு ஒரு சம்பவத்துக்குப் பின்னரே தோன்றும். இரண்டாவது, எதற்குத் தாக்குறுகின்றார்? போரின் வடு வெடியோசை, ஹெலிகொப்டர் இரைச்சல் போன்று பழைய நினைவைக் கிளறுபவற்றோடு பிணைந்து, கெட்ட கனவுகளையும் கூட்டிவரும். சட்டையின் கழுத்துப்பட்டியில் தைத்த சிறு துணித்துண்டு, குழாய் விளக்கின் மெல்லிய ரீங்காரம், சோறும் கறியும் கலந்த பதம் என்று எந்த நினைவோடும் தொடர்பற்றவை வதைக்குமானால், அது வேறு கதை. மூன்றாவது, இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கவும் கூடும். ஓட்டிசமுள்ள பிள்ளைகளும் அப்பதுங்குகுழிகளில் இருந்தனர் அல்லவா?

முதலாவது கேள்விக்கு விடை காண்பதே எம்மவருக்குக் கடினம். வளர்ந்தோர் ஒருவரை ஆராயும் வைத்தியர், அவருடைய குழந்தைப் பருவத்தை அறிந்தவரோடு பேச விரும்புவார். பாடசாலைக் குறிப்புகளைக் கேட்பார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தில் குறிப்புகள் எஞ்சுவதில்லை. ஆனால் வன்னியிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அம்மாவோ பெரியம்மாவோ அம்மம்மாவோ, "சின்னனிலை மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு வளவுக்குள்ளை ஓடுவான்" என்று தொலைபேசியில் கூறும் ஒரு வரி, தொலைந்த குறிப்புகளுக்கு ஈடாகலாம். முதியவர்கள் இருக்கும்போதே இவற்றைக் கேட்டு எழுதி வைத்தல் நன்று.

'கூச்சம்' என்னும் ஒரு சொல்

மொழியும் ஒரு தடையே. தமிழில் வெளிச்சத்தில் கண் கூசும். புளியங்காய் கடித்தால் பல் கூசும். அருவருப்பில் உடல் கூசும். நாலுபேர் முன்னே பேச மனம் கூசும். ஒரு வினைச்சொல்லே உடலின் வேதனையையும் மனத்தின் நாணத்தையும் சுமந்து நிற்கின்றது. "எனக்குச் சனத்துக்குள்ளை போகக் கூச்சம்" என்று ஒருவர் கூறினால், மொழிபெயர்ப்பாளர் அதனை நாணம் என்று பெயர்த்துவிடுவார். அவர் கூற வந்தது உடலில் ஏறும் வேதனையாக இருந்திருக்கலாம். ஆகவே வைத்தியரிடம் செல்பவர், 'கூச்சம்' என்று நிறுத்தாமல், எந்த இடத்தில், எந்த உறுப்பில், எவ்வாறு, எவ்வளவு நேரம் என்று விரித்துக் கூறல் வேண்டும்.

பண்பாடும் அளவுகோலை வளைக்கும். உணவில் காரம், வாசனைச் சரக்கு சேர்ப்பதை விரும்புவீரா என்று ஒரு வினா வந்தால், மேலைநாட்டவரிடத்தே அது தூண்டலைத் தேடும் இயல்பைக் காட்டலாம். எம்மவரிடத்தே அது அம்மாவின் சமையலை மட்டுமே காட்டும். அமெரிக்கரின் விடைகளைக் கொண்டு வகுக்கப்பட்ட சராசரியோடு எமது விடைகளை ஒப்பிடும்போது இத்தகைய எச்சரிக்கை அவசியம்.

ஒஸ்லோவில் செய்யக்கூடியது

நோர்வேயில் வழி, 'பாஸ்ட்லேகெ' எனப்படும் குடும்ப வைத்தியரிடம் தொடங்குகின்றது. அவரே வளர்ந்தோரை மாவட்ட உளமருத்துவ நிலையத்துக்கோ, அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருப்பின் வளர்ந்தோருக்கான 'ஹபிலித்தேரிங்' சேவைக்கோ அனுப்பிவைப்பார். அனுப்பிய கடிதத்தை அந்நிலையம் பத்து வேலைநாட்களுக்குள் மதிப்பிட்டுப் பதிலளித்தல் வேண்டும். தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்போருக்கும் சுகாதார சேவையைப் பெறும் உரிமை உண்டு. முகாமில் பலரோடு ஓர் அறையைப் பகிர்வது தாங்கவியலாத துன்பமாக இருப்பின், அதனை வெட்கமின்றி அங்குள்ள சுகாதாரப் பணியாளரிடம் கூறி எழுத்தில் பதிவுசெய்வித்தல் நன்று.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, உரிய சந்தர்ப்பங்களில் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அரச நிறுவனங்களின் கடமையாகும். அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்தலாகாது. அண்ணனின் அந்தரங்கத்தைப் பன்னிரண்டு வயதுத் தங்கை மொழிபெயர்க்கும் அவலம் எமது குடும்பங்களில் இனித் தொடரக்கூடாது.

நோர்வேயில் ஓட்டிச சங்கம் 1965 முதல் இயங்கி வருகின்றது. அரசு 2018 இல் அமைத்த குழுவொன்று, ஓட்டிசமுள்ளோருக்கும் டூரெட் நிலையுடையோருக்குமான சேவைகளை ஆராய்ந்து 2020 பெப்ரவரியில் தன் அறிக்கையைக் கையளித்தது. ஒஸ்லோப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இத்துறைக்கான தேசிய அறிவு மையமான 'நெவ்சோம்' உள்ளது. வேலைத்தலத்தில் தக்க மாற்றங்களைக் கோரும் உரிமையைத் தொழிற்சூழல் சட்டமும், 2018 முதல் நடைமுறையில் உள்ள சமத்துவச் சட்டமும் வழங்குகின்றன. கோரிக்கை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சன்னலோர மேசை, காதணிக் கவசம், மங்கலான விளக்கு, ஆட்கள் குறைந்த வேளையில் உணவு இடைவேளை என்பனவே பலருக்குப் போதுமானவை.

இங்குதான் அளவீட்டின் உண்மையான பயன் விளங்குகின்றது. 'எனக்குக் கஷ்டம்' என்ற சொல்லைப் பலர் கேளாமல் விடலாம். எந்தப் புலன், எந்தச் சூழல், எத்தகைய தடை என்று எழுதப்பட்ட வைத்திய அறிக்கையை வேலை கொள்வோர் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

வைத்தியரிடம் செல்லுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. இரு வாரங்களுக்கு ஒரு கொப்பியில் குறித்து வருதல். இடம், நேரம், எந்தத் தூண்டல், உடலில் என்ன நேர்ந்தது, தெளிவதற்கு எவ்வளவு நேரம் சென்றது என்ற ஐந்தும் போதும். சுரங்கத் தொடருந்தின் தடுப்போசை, பனியில் பட்டுத் தெறிக்கும் மார்ச் மாத வெயில், மே 17 ஊர்வலத்தின் பாண்ட் வாத்தியம், கோயில் மணி என்று எதுவும் விடுபடலாகாது. அக்கொப்பி நோய்நிர்ணயம் ஆகாது. அதனைத் தேர்ந்த வைத்தியரே செய்தல் வேண்டும். ஆனால் குறுகிய நேரச் சந்திப்பில் நாவில் வராத பலவற்றை அது பேசும்.

மீண்டும் அந்த மண்டபத்துக்கு வருவோம். எம் விழாக்களின் மகிழ்ச்சியை எவரும் குறைக்கச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியின் விசையைச் சிறிது தணித்து, கதவடைத்த சிறு அறையொன்றில் நாலு கதிரைகளைப் போட்டு, 'இங்கே அமைதியாக இருக்கலாம்' என்று வாசலில் எழுதி வைப்பதற்குச் செலவேதும் இல்லை. கைக்குழந்தையோடு வந்த தாயும், செவிக்கருவி அணிந்த முதியவரும், வெடியோசையை இன்னும் மறக்காத போராளியின் தந்தையும் அதே அறையை நாடி வருவர். அங்கே ஒரு மூலையில் அந்த இளைஞரும் அமர்ந்திருப்பார். அவரை உள்ளே அழைத்த பெரியப்பா, இம்முறை ஒன்றும் கேளாமல், ஒரு தட்டில் சோற்றை ஒருபுறமும் கறியை மறுபுறமுமாகப் பிரித்து வைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போகலாம்.